பாசி பிடிக்காத ஆறு

எங்கள் ஊர்த் துந்தாவைக் குறை சொல்ல இந்த மலைப்பக்கத்தில் ஒருவருக்கும் வாய் கிடையாது. ஆறு வருஷம் அப்படித்தான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். என் பெயர் எர்மினியா, பாகுசானி ஊரின் துந்தாச் சங்கத் தலைவி. தலைவி என்றால் சும்மா பேருக்கு இல்லை. நாற்பது குடும்பத்து உருளைக்கிழங்கு எந்தப் பனியில் உறைய வேண்டும், எந்த நாள் ஆற்றில் இறங்க வேண்டும், எந்த வியாபாரி முகத்தில் கதவைச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்வதுதான். கோபக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கோபப்படாதவளை எந்த வியாபாரி மதித்தான்?

ஜூன் மாதம் எங்கள் பக்கம் கடுங்குளிர்காலம்; கசப்பு உருளைக்கிழங்கை வெட்டவெளியில் பரப்பினால் விடிவதற்குள் கல்லாக உறைந்துவிடும். வெயில் படுவதற்குள் அள்ளி, வலைச்சாக்கில் கட்டி, ஆற்றுக் குழியில் அமுக்கிவிட வேண்டும். நாலு வாரம் ஓடுகிற தண்ணீரில் கிடந்தால் கசப்பு போய்விடும். பிறகு எடுத்து இன்னொரு பனியில் போட்டு, வெறுங்காலால் மிதித்துத் தோலை உரித்துக் காயவைத்தால் துந்தா. சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும், வருஷக்கணக்கில் கெடாது. எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு மதிப்பு.

அந்த நாலு வாரமும் எங்களுக்கு ஒரே எதிரி பாசிதான். சாக்கில் பச்சைப் பசேலென்று வழவழப்பாகப் படரும். துந்தா பழுப்பாகிவிடும், ஒரு நாற்றம் வேறு. முழங்கால் வரை ஐஸ் தண்ணீரில் நின்று சாக்கைத் தேய்த்துத் தேய்த்தே எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விரலெல்லாம் வளைந்துபோனது. அப்படிப்பட்ட பாசி, ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூனில் திடீரென்று காணாமல் போனது. கல்லெல்லாம் யாரோ பிரஷ் போட்டுத் தேய்த்த மாதிரி பளிச்சென்று கிடந்தது. தண்ணீர் கண்ணாடி. அந்த வருஷத் துந்தா மாதிரி வெள்ளையை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஆற்றங்கரையில் மந்தையிலிருந்து ஒரு லாமா ஆட்டை வெட்டி, சாராயத்தைத் தண்ணீரில் ஊற்றி, ஆற்றுக்கு நன்றி சொன்னோம். "பூமித்தாய் பச்சமாமா நம்ம பக்கம் கண்ணைத் திறந்துட்டா!" என்று எங்கள் சங்கத்து அனாக்லெத்தோ குடித்துவிட்டு அழுதான். அவன் கண்ணைத் துடைத்துவிட்டவள் நான்தான்.

ரெண்டு மணி நேர நடையில், மலைக்கு மேலே துத்தநாகச் சுரங்கம் இருக்கிறது. கல்லை மாவாக அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சேறாகக் கொட்டி வைக்கப் பெரிய குட்டை. பழைய குட்டை நிரம்பி, புதுக் குட்டை கட்டியது எப்போது என்று கேட்கிறீர்களா? பாசி போனதற்கு முந்தின வருஷம். குட்டைக் கரையின் அடியிலிருந்து கசிந்து ஆற்றுக்கு இறங்குகிற இடத்தில் பாறையெல்லாம் சிவந்து கிடக்கிறது என்று ஆடு மேய்க்கப் போனவர்கள் சொன்னார்கள். சொன்னால்? சிவப்பாக இருக்கிற தண்ணீர்தானே கெட்டது, எங்களிடம் வரும்போது சிவப்பெல்லாம் வழியில் படிந்து தெளிந்துவிடுகிறதே என்று நினைத்தோம். ஊரில் ஒருவருக்குக்கூட வேறு மாதிரி தோன்றவில்லை. துந்தா போடுகிறவனுக்குப் பாசி இல்லாத தண்ணீரைவிடப் பெரிய வரம் ஏது?

என் நாத்தனார் லியோகாடியா மட்டும் பொருமிக்கொண்டே இருந்தாள். கீழ் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவர்களுக்கு எங்கள் ஆறு கிடையாது. தனியாக ஒரு ஊற்று ஓடை, இடுப்பகலம்தான் இருக்கும். பாசியும் தவளையுமாக ஒரே கூத்து. அவர்கள் துந்தா கொஞ்சம் மஞ்சளடித்தாற்போல இருக்கும். சந்தையில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நான் விடுவேனா?

"ஏண்டி லியோகாடியா, துந்தா விக்கிறியா, தவளை விக்கிறியா?"

"ரெண்டும்தான் அண்ணி. தவளை உங்களுக்கு இனாம், வாங்கிட்டுப் போங்க," என்பாள். வாயில் எனக்குக் குறைந்தவள் இல்லை.

போன வருஷம் மே மாதம் தலைநகர் லிமாவிலிருந்து எங்கள் பெரிய வியாபாரியின் கடிதம் வந்தது. முந்தின வருஷச் சரக்கிலிருந்து பிடி எடுத்து பூனோ நகரத்து ஆய்வகம் ஒன்றில் சோதித்தார்களாம். காட்மியம் என்று ஒரு உலோகம், இருக்கலாம் என்கிற அளவைப்போல மூன்று மடங்கு இருக்கிறதாம். சரியாகும்வரை பாகுசானித் துந்தா வேண்டாமாம்.

எனக்கு வந்ததே கோபம்! ஊர்க்கூட்டத்தைக் கூட்டினேன். "இது கீழ் ஊர்க்காரங்க வேலை. வயித்தெரிச்சல். நம்ம வெள்ளையைப் பார்த்துப் பொறுக்காம எவனையோ பிடிச்சு எழுத வெச்சிருக்காங்க," என்று கத்தினேன். அடியில் கையெழுத்துப் போட்டிருந்த ஆய்வகப் பெண்ணின் பெயர் நெலிதா. அந்தப் பெண்ணை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதினேன். நாற்பது குடும்பமும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தது. என் புருஷன் புருக்துவோசோ மட்டும் பேனாவை ரொம்ப நேரம் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னய்யா யோசனை?"

"ஒண்ணுமில்லை புள்ள. சோதிச்சுப் பார்க்காமலே பொய்யின்னு எழுதறோமே, அதான்."

"அப்ப சோதிச்சே காட்டறேன்!" என்றேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் சொன்ன பிறகு அது நல்ல யோசனையாகவே பட்டது. என் நிலத்துக் கிழங்கில் ஒரு சாக்கை எடுத்து இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதி எங்கள் ஆற்றில். இன்னொரு பாதி லியோகாடியாவின் தவளை ஓடையில். ஒரே கிழங்கு, ஒரே பனி, ஒரே கால் மிதித்தது. ரெண்டையும் பேர் போடாமல் அதே ஆய்வகத்தில் கொடுத்தால் எது அழுக்கு என்று அவர்களே சொல்லட்டும். கீழ் ஊரின் மானத்தை வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறைப்பானேன்.

ஜூனில் சாக்கைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வாசலில் போய் நின்றேன்.

"அடடே, அண்ணியா! வழி தவறிட்டீங்களா? கண்ணாடி ஆறு அந்தப் பக்கம்," என்றாள்.

"உன் ஓடையில ஒரு குழி குடுடி. நாலு வாரத்துக்கு."

"எதுக்கு? தவளைக்குட்டி பொரிக்க வைக்கவா?"

காரணத்தைச் சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "என் ஓடை கேவலம்னு காட்டறதுக்கு என் ஓடையையே கேட்கறீங்க. உங்க தைரியத்துக்கு ஒரு கும்பிடு அண்ணி. வாங்க, ஓரமா ஒரு குழி இருக்கு. ஆனா சாக்கை நான் தேய்க்க மாட்டேன். நீங்கதான் வந்து தேய்க்கணும்."

தேய்த்தேன். வாரம் மூன்று நாள் அந்த வழவழப்பில் கையை விட்டுத் தேய்த்தேன். ஆறு வருஷமாக மறந்திருந்த வேலை. விரல் விறைத்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தேய்த்தேன். என் சாக்கின்மேல் ஒரு தவளை ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. லியோகாடியா கரையில் கோக்கா இலையை மென்றுகொண்டு, "அதுக்குப் பேரு வைங்க அண்ணி, நாலு வாரம் கூட இருக்கப் போகுதே," என்றாள்.

காய்ந்த பிறகு ரெண்டையும் தட்டில் போட்டுப் பார்த்தேன். ஆற்றுத் துந்தா பால் வெள்ளை. ஓடைத் துந்தா பழுப்புக் கலந்த வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு எதை எடுப்பேன் என்று யாரும் கேட்கவே வேண்டாம். ஆற்றுத் துந்தாவுக்குச் சிவப்பு நூலும், ஓடைத் துந்தாவுக்கு நீல நூலும் கட்டி, எந்த நூல் எதற்கு என்பதைப் புருஷனிடம்கூடச் சொல்லாமல், ஜூலைக் கடைசியில் வேன் பிடித்து பூனோவுக்குப் போனேன்.

நெலிதா என்றதும் சின்னப் பெண்ணாக, திமிராக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி, நிதானமான பேச்சு. என் பெயரைச் சொன்னதும் இழுப்பறையைத் திறந்து எங்கள் மனுவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நீங்கதானா அம்மா இது? கையெழுத்து அழகா இருக்கு."

எனக்கு ஒரு நொடி முகம் சுண்டிப்போனது. விட்டுக்கொடுப்பேனா? "இன்னும் வாபஸ் வாங்கலை," என்றேன். "முதல்ல இந்த ரெண்டையும் சோதிச்சுச் சொல்லு. எது எந்த ஊருன்னு கேட்காதே."

"கேட்கலை. தண்ணியைப் பத்தி மட்டும் கேட்கலாமா?"

"கேளேன். எங்க ஆத்துத் தண்ணி மாதிரி இந்த மாகாணத்துலயே கிடையாது."

"உங்க குழியில தவளை உண்டா?"

"தவளையா!" எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நல்லாக் கேட்டே போ. தவளை என்ன, ஒரு புழு பூச்சி கிடையாது எங்க ஆத்துல! கல்லுமேல பொட்டுப் பாசி கிடையாது. ஆறு வருஷமா அவ்வளவு சுத்தம்!"

அவள் எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டிருந்த எனக்கு நான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. ஒரு புழு பூச்சி கிடையாது. ஆறு வருஷமாகக் கிடையாது.

"சோதிச்சுச் சொல்றேன் அம்மா. அதுக்கு முன்னாடி எதையும் சொல்றது சரியில்லை," என்று அவளே என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள். அந்தத் தேற்றல்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் நடுவில் ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது. நீல நூலில் காட்மியம் அளவுக்குள் இருந்தது. சிவப்பு நூலில் அளவைப்போல மூன்றரை மடங்கு. அதே கிழங்கு, அதே பனி, அதே கால். ஃபோனில் நெலிதாவைக் கூப்பிட்டேன். தாளை நம்பாமல் இல்லை, யாரிடமாவது கத்த வேண்டும் போல இருந்தது.

"ஆத்துத் தண்ணியைச் சுரங்கத்துக்காரன் சோதிச்சு மாசாமாசம் நல்லா இருக்குன்னு நோட்டீஸ் ஒட்டறானே, அது பொய்யா?"

"பொய்யா இருக்கணும்னு இல்லை அம்மா. ஒரு டம்ளர் தண்ணியில இருக்கறது கொஞ்சம்தான். ஆனா உங்க துந்தா ஒரு டம்ளரா குடிக்குது? நாலு வாரம் ராப்பகலா ஆறு அது வழியாத்தானே போகுது. போற வழியில காட்மியத்தைக் கிழங்கு பிடிச்சு வெச்சுக்குது. தின்னவங்க கிட்னியில அது வருஷக்கணக்கா தங்கிடும். அது வெளுப்பாவும் தெரியாது, கறுப்பாவும் தெரியாது. பாசிக்கும் தவளைக்கும்தான் முதல்ல தெரிஞ்சிருக்கு."

ஃபோனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வீட்டில் கூரைவரை சாக்கு. என் வீட்டில் மட்டுமா? நாற்பது வீட்டிலும். அந்த வருஷத் துந்தா முழுவதும் காய்ந்து, தைத்து, தயாராக இருந்தது. அதுதான் எங்கள் வருஷம். பிள்ளைகள் பள்ளிக்கூடம், கல்யாணம், மருந்து எல்லாம் அந்தச் சாக்குக்குள்தான். அதற்கெல்லாம் மேலே என் பேர் இருந்தது. எர்மினியா நல்லது என்று சொன்னால் நல்லது என்று லிமாவரை நம்பினார்கள்.

பொய் சொல்ல மாட்டேன், அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. எந்த நூல் எதற்கு என்று எனக்கு மட்டும்தானே தெரியும்? சிவப்பு நூல்தான் தவளை ஓடை என்று சொல்லிவிட்டால் கேட்க ஆள் உண்டா? அன்று மத்தியானம் முழுவதும் அந்த எண்ணத்தோடு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

சாயங்காலம் புருக்துவோசோ ஆட்டைக் கட்டிவிட்டு வந்தார். பசியாக இருக்கிறது என்று, சட்டியிலிருந்து உடைசல் துந்தாவை எடுத்துக் கையாலேயே பிட்டு, நடுவில் சீஸைத் திணித்து வாய்க்குக் கொண்டுபோனார். முழுசாக இருப்பதெல்லாம் விற்பனைக்கு, உடைந்தது வீட்டுக்கு. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். நான் எழுந்து போய் அவர் கையைத் தட்டிவிட்டேன். துந்தா தரையில் உருண்டது.

"என்ன புள்ள ஆச்சு உனக்கு?"

"சிவப்பு நூல் நம்மளோடதுய்யா," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. அவர் தரையில் கிடந்த துந்தாவை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். நாய்கூடத் தின்றுவிடக் கூடாது என்று.

மறுநாள் காலையில் ஊர்க்கூட்டம். தாளைப் படித்தேன். நூல் கதை, அடுப்பு எண்ணம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஊரே கொதித்தது.

அனாக்லெத்தோ எழுந்தான். "மே மாசம் பொய்யின்னீங்க. கைநாட்டு வாங்கினீங்க. இப்ப நிஜம்ங்கறீங்க. உங்க வாய் எத்தனை பக்கம் பேசும் அக்கா?"

"அன்னைக்குச் சோதிக்காம பேசினேன், தப்பு. இன்னைக்குச் சோதிச்சுட்டுப் பேசறேன்."

"சரி, நிஜமாவே இருக்கட்டும். பக்கத்து நாட்டு எல்லைச் சந்தைக்கு ஏத்திடுவோம். அங்க எவனும் சோதிக்கறது இல்லை. இந்த வருஷத்தைத் தள்ளிட்டு அடுத்த வருஷம் யோசிக்கலாம்."

பல பேர் தலையை ஆட்டினார்கள். நேற்று நானே ஆட்டியிருப்பேன்.

"எல்லைச் சந்தையில வாங்கி யார் தின்பாங்க அனாக்லெத்தோ?"

"எவனோ தின்னுட்டுப் போறான். நமக்கென்ன?"

"சரி. உடைசலை வீட்டுல திங்காத குடும்பம் ஏதாவது இங்க இருந்தா கையைத் தூக்கு," என்றேன்.

ஒரு கை எழவில்லை. எப்படி எழும்? அனாக்லெத்தோவின் மருமகள் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கையில் ஒரு துண்டு துந்தா, சப்பிக்கொண்டிருந்தது. நான் காட்டவில்லை, அவனே திரும்பிப் பார்த்தான். போய்ப் பிள்ளை கையிலிருந்து பிடுங்கினான். பிள்ளை வீறிட்டு அழுதது. அனாக்லெத்தோ அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றான்.

"ஆறு வருஷமா அந்த எவனோ நாமதான்டா," என்றேன்.

பிறகு அனாக்லெத்தோ, "அப்ப இதை என்ன அக்கா பண்றது? எரிக்கறதா, புதைக்கறதா? எங்க போட்டாலும் நம்ம மண்ணுதானே?" என்று கேட்டான். இந்தத் தடவை சண்டைக்குக் கேட்கவில்லை, வழி கேட்டான்.

எனக்கு அங்கேயேதான் தோன்றியது. முன்கூட்டி யோசித்து வைத்திருந்தேன் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள், அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இல்லை.

"கிழங்கு நம்மளோடது. காட்மியம் யாரோடது?" என்றேன். "யாரோடதோ அவங்ககிட்டயே கொண்டுபோய்க் குடுப்போம். லாரி பேசுங்கடா!"

ரெண்டு நாளில் மூன்று லாரி. நாற்பது வீட்டுச் சாக்கும் ஏறியது. ஆற்றுக்கு ஒரு துளி சாராயம் ஊற்றினோம், இந்தத் தடவை நன்றிக்கு இல்லை, மன்னிப்புக்கு. பெண்களெல்லாம் நல்ல பாவாடையைக் கட்டி, தொப்பியைத் தட்டி வைத்துக்கொண்டு சாக்குமேல் ஏறி உட்கார்ந்தோம். கீழ் ஊர் முக்கில் லியோகாடியா பத்துப் பெண்களோடு நின்று லாரியை மறித்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நகருங்க அண்ணி, இடம் விடுங்க," என்று ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"உனக்கென்னடி வேலை? உன் துந்தாதான் நல்லதாச்சே."

"எங்க ஊத்துக்கும் மேல அதே மலைதானே அண்ணி. இன்னைக்கு உங்க ஆறு, நாளைக்கு எங்க ஓடை." கொஞ்ச தூரம் போன பிறகு, என்னைப் பார்க்காமலே, "வர்ற ஜூன்லேர்ந்து முறை வெச்சுக்குவோம். தடவைக்குப் பத்துக் குடும்பம், நாலு நாலு வாரமா எங்க ஓடையில இறங்கலாம். எங்க ஊர்க்கூட்டத்துல பேசிட்டேன். சாக்கை அவங்கவங்கதான் தேய்க்கணும்," என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது கிண்டல் பண்ண வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

சுரங்க வாசலில் லாரிகளைக் குறுக்கே நிறுத்தி, சாக்குகளை இறக்கிச் சுவர் மாதிரி அடுக்கினோம். காவலாளி ஓடி வந்து, "என்ன சரக்கு இது?" என்று கேட்டான்.

"உங்க சரக்குதான். திருப்பிக் குடுக்க வந்திருக்கோம். வாங்கினதுக்குக் கையெழுத்துப் போட ஆளைக் கூப்பிடு," என்றேன்.

ஃபோன் பறந்தது. இன்ஜினியர் உர்தேகா வெள்ளைத் தலைக்கவசத்தோடு வந்தார். அவர் பின்னாலேயே, ஷிப்டு மாறுகிற நேரமாகையால், சாப்பாட்டுக்குப் போகிற தொழிலாளர்கள் கூட்டமாக வந்து கேட்டுக்கு உள்ளே நின்றார்கள். முந்நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். நாங்கள் வரச் சொல்லியிருந்த ஹுலியாகா நகரத்து வானொலிப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டிக்கொண்டு எங்கள் பக்கம் நின்றாள்.

உர்தேகா தன்மையாகத்தான் பேசினார். "அம்மா, சாப்பாட்டுப் பொருளை ரோட்டுல கொட்டலாமா? எவ்வளவு பேரோட உழைப்பு! இதை நல்லபடியாத் திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"இது சாப்பாட்டுப் பொருளா சார்? தாளை முந்தாநாளே உங்களுக்கு அனுப்பினோமே, படிச்சீங்களா?"

"படிச்சேன். ஒரு லேப் சொன்னதை வெச்சு முடிவு பண்ண முடியாது. எங்க தண்ணி எல்லா அளவுக்கும் உட்பட்டுத்தான் இருக்கு. உங்க துந்தாவுல ஒரு குறையும் இல்லை."

"மைக்குல இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

"ஒரு குறையும் இல்லை," என்றார் மைக்கைப் பார்த்து.

"ரொம்ப சந்தோஷம்," என்றேன். "அப்ப நாங்க எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? இனாமாவே குடுக்கறோம். உங்க மெஸ்ஸுல தினம் முந்நூறு பேர் சாப்பிடறாங்க. இந்தத் துந்தா அவங்களுக்கு ஒரு வருஷத்துக்கு வரும். இன்னைக்கு ராத்திரியிலேர்ந்தே சமைக்கச் சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. சாக்குச் சுவரைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். "அது... அதெல்லாம் நடைமுறையில முடியாதும்மா," என்றார்.

அடுத்த கேள்வியைக் கேட்க நான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கு முன்னால் வேறொரு குரல் கேட்டுவிட்டது. கேட்டுக்கு உள்ளேயிருந்து, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்திருந்த ஒரு தொழிலாளி சத்தமாகக் கேட்டான்.

"ஏன் சார் முடியாது?"